மில்லிமீட்டர் அக்காவின் விருந்து மழை

திருகோணமலை மாவட்டத்தில் வானத்தை ஒருமையில் அழைத்து, அதட்டி, வேலை வாங்கிய ஒரே அரசாங்க உத்தியோகத்தர் எங்கள் மில்லிமீட்டர் அக்காதான். மழை வந்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். அக்கா மோட்டார் சைக்கிளை எடுப்பார். வெயில் அடித்தால், வேலைக்குப் பிந்தி வந்தவனைப் பார்ப்பதுபோல ஆகாயத்தை முறைப்பார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. வரவுப் பதிவேட்டில் அவர் போடும் கையொப்பம் சாய்ந்து விழும் நாலு மழைத்தாரை போல இருக்குமாதலால் அதிலிருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அலுவலகம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு பழைய கட்டடம். எங்கள் வேலை மழையை அளப்பது. மாவட்டம் முழுவதும் மழைமானிகள் இருந்தன. மழைமானி என்றால் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. முற்றத்தில் நட்டுவைத்த ஓர் உலோகப் பாத்திரம், அதன் வாயில் ஒரு புனல், உள்ளே ஒரு கொள்கலன். அந்தந்த ஊரில் ஒருவர் தினமும் காலையில் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து அட்டையில் எழுதுவார். மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் போய்ப் பார்க்கவேண்டும். நகரத்தை அண்டிய மானிகளுக்கு ஆட்கள் போட்டி போட்டுக்கொண்டு போவார்கள். குச்சவெளிக்கு அப்பால், காடும் களப்பும் யானையும் இருக்கும் வடக்குப் பக்கத்து மானிகள் ஐந்துக்கும் போக ஒரே ஆள்தான். அந்த ஐந்தும் தன் மாமியார் வீடுகள் என்பதுபோல அக்கா வேறு யாரையும் அண்டவிடமாட்டார்.

மில்லிமீட்டர் என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. உலகத்தில் உள்ள அனைத்தையும் அவர் அந்த அலகில்தான் அளந்தார். தேநீர் மேசைக்கு வந்தால் கோப்பையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நேற்றையிலும் நாலு மில்லிமீட்டர் குறையுது” என்பார். ஒருநாள் என் கணவர் நான் மறதியாய்க் கையோடு கொண்டுவந்துவிட்ட வீட்டுத் திறப்பை வாங்க அலுவலகத்துக்கு வந்து, ஒன்றும் பேசாமல் வாசலில் நின்றார். அக்கா அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்.

“உம்மட மனுசனுக்கு இண்டைக்குப் பன்ரண்டு மில்லிமீட்டர் கோவம். பயப்பிடாதையும். பின்னேரம் வெளிச்சிடும்.”

பின்னேரம் வெளித்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவரை நம்பத் தொடங்கினேன் என்று சொன்னால் அது பொய். நான் இலகுவில் எதையும் நம்புகிறவள் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பிப் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்க்கிறவள். பிள்ளை பிறந்தபிறகு அது ஆறு தரமாகியிருந்தது.

வேலையில் சேர்ந்த சில மாதத்திலேயே பிரசவ விடுப்பில் போய், நான் திரும்பி வந்த காலம் அது. மகள் மகிழுக்குப் பத்து மாதம். போத்தலைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள்; என்னிடம் மட்டும்தான் பால். அலுவலகம் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் என்பதால் மத்தியானம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நாலு மணித்தியாலத்துக்கு மேல் அவளை நான் பிரிந்ததே இல்லை. அப்படியிருக்க, ஒரு நாள் எங்கள் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, உம்மை நிரந்தரமாக்கிறதுக்கு ஒரு வெளிக்களம் போய்வந்த அறிக்கை வேணும். இந்த மாசம் வடக்குக்குப் போம்.”

“சேர், தம்பலகாமப் பக்கம் போகலாமோ? பஸ் இருக்கு.”

“அங்க போறதுக்கு ஆக்கள் நிக்கினம். வடக்குக்குத்தான் அக்காவைத் தவிர ஒருத்தரும் இல்லை.”

அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “வாரும் தங்கச்சி,” என்றார். “ஆறு மணிக்கு வெளிக்கிட்டா ஆறு மணிக்கு வந்திடலாம்.”

“எந்த ஆறு மணி அக்கா?”

“அது வானத்தைப் பொறுத்தது.”

என் கணவர் துறைமுகத்தில் முறை வேலை செய்கிறவர். அந்த வாரம் அவருக்கு மாலை ஆறு மணிக்கு வேலை. பகலில் பிள்ளையை அவர் பார்ப்பார். ஆறுக்குள் நான் வராவிட்டால் பிள்ளையைப் பிடிக்க வீட்டில் ஆளில்லை. பத்து மாதப் பிள்ளை, போத்தல் குடியாதவள், பன்னிரண்டு மணித்தியாலம். நான் ஒரு தாளில் பகல் முழுவதற்குமான அறிவுறுத்தல்களை எழுதினேன். பிறகு அந்தத் தாள் தொலைந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பிரதி எழுதினேன். இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். என் கணவர் வாசித்துவிட்டு, “இதில என்ர பேர் ஒரு இடத்திலையும் இல்லை. நான் எப்ப சாப்பிடுறது?” என்று கேட்டார்.

காலை ஆறுக்கு அக்கா வந்தார். அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. அது அரசாங்கத்துச் சொத்து என்பது அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. அதை நம்புவதற்கு அது ஒன்றுதான் ஆதாரம். முன்விளக்கு ஒரு பக்கம் பார்க்கும், கண்ணாடி இன்னொரு பக்கம் பார்க்கும், அக்கா நேரே பார்ப்பார். பின்னால், கண்ணாடிக் குழாய்களைப் பழைய துணியில் சுற்றி வைத்த ஒரு மரப்பெட்டி. குழாய்க்கும் எனக்கும் இடையில் இடப்பிரச்சினை வந்தபோது அக்கா குழாயின் பக்கம் நின்றார்.

“அது உடைஞ்சா கொழும்பிலயிருந்து வரவேணும். நீர் கொஞ்சம் ஒடுங்கி இரும்.”

நான் ஒடுங்கினேன். நிலாவெளி தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இறக்கக்கண்டிப் பாலத்தில் கண்ணைத் திறந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடல்நீர் தேங்கிய களப்பு, இரண்டுக்கும் நடுவில் காற்று எங்களை எந்தப் பக்கம் தள்ளலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தது. வலது கைப்பிடியில் வெயில் அடித்தது, இடது கைப்பிடியில் தூறியது. இது மிகைப்படுத்தல் என்று வாசகர்கள் நினைப்பீர்கள். மார்கழியில் அந்த வீதியில் போனவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள்.

தூறல் பலத்தது. எனக்கு இருமல் வந்துவிடுமோ, இருமல் பிள்ளைக்குத் தொற்றிவிடுமோ என்று பயம்.

“அக்கா, மழைக்கோட்டைப் போடுவமே?”

“இன்னும் அஞ்சு மில்லிமீட்டர் ஆகேல்லை.”

“ஆனாப் பிறகு போடுறதுக்கிடையில நனைஞ்சிடுவம்தானே?”

“தங்கச்சி, கோட்டைப் போட்டா மழை நிண்டிடும். இவ்வளவு வருசமாப் பாக்கிறன். பொதுசனம் போடலாம். நாங்கள் மழைக் கந்தோர்ச் சனம். எங்களால மழை நிண்டது எண்டு ஒரு கதை வரக்கூடாது.”

சொல்லிவிட்டு மேலே பார்த்து, “கேட்டியே? மூண்டாவது மானிக்குப் போய்ச் சேருமட்டும் பொறு!” என்று கத்தினார். எதிரே சைக்கிளில் வந்த மீன்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து உடனே சைக்கிளை நிறுத்திவிட்டார்.

முதல் மானி குச்சவெளியில், இரண்டாவது திரியாய்ப் பக்கம். இரண்டிலும் அக்கா செய்த ஒரு காரியம் எனக்கு விளங்கவில்லை. அளப்பதற்கு முன் மானியிலிருந்த தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். வைத்தியர் மருந்தைப் பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு. பிறகு, “மழைதான்” என்று எழுதினார். மழைமானியில் மழைதானே இருக்கும் என்று நான் நினைத்தேன். கேட்கவில்லை. புதிதாக வந்தவள் எல்லாவற்றையும் கேட்டால் படித்தவள் இல்லை என்று நினைப்பார்களோ என்று ஒரு யோசனை.

ஒன்பதரைக்கு என் கணவரின் அழைப்பு வந்தது. “போத்தலைத் தட்டி விட்டிட்டாள். நீ யோசியாத,” என்றார். ‘யோசியாத’ என்ற சொல்லை இந்த உலகத்தில் யாரும் யோசிக்கும்படியான காரணம் இல்லாமல் சொல்வதில்லை. நான் மறுபடி பேசுவதற்குள் சிக்னல் போய்விட்டது.

புல்மோட்டைக்கு அப்பால் தார் முடிந்தது. செம்மண், இரண்டு பக்கமும் காடு. மூன்றாவது மானியையும் முடித்துக்கொண்டு போகும்போது அக்கா திடீரென்று நிறுத்தினார். ஐம்பது மீட்டர் தூரத்தில் வீதியின் நடுவில் ஒரு யானை. திருப்புங்கோ என்று சொல்ல வாய் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

அக்கா இயந்திரத்தை நிறுத்தாமல் காலை ஊன்றிக்கொண்டு பொறுமையாக இருந்தார். யானையும் பொறுமையாக இருந்தது.

“என்ன அக்கா செய்யிறது?”

“ஒண்டும் செய்யக்கூடாது. அது தன்ர வேலையைப் பாக்குது. நாங்கள் எங்கட வேலையைப் பாப்பம்.”

அவர் தன் கொப்பியை எடுத்து, யானையின் காலில் சேறு எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது என்று உற்றுப் பார்த்து, “உள்ளுக்க குளம் நிரம்பீட்டுது. முன்னூறு மில்லிமீட்டருக்குக் குறையாது” என்று குறித்துக்கொண்டார். யானை அவமானப்பட்டதுபோலக் காட்டுக்குள் போனது. நான் சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்தேன். உடனே வீட்டில் பிள்ளை அழும்போது காட்டில் நின்று சிரிக்கிறேனே என்று குற்றவுணர்ச்சி வந்தது. மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் விழுந்து எழும்பி, குளிர்ந்த காற்று முகத்தில் அடித்து, ஒரு மயில்கூட்டம் எங்களோடு போட்டிபோட்டு ஓடியபோது மறுபடியும் சிரித்தேன். பிள்ளை பிறந்தபிறகு நான் இப்படிக் கத்திச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

நாலாவது மானி முருகேசு ஐயாவின் வளவில் இருந்தது. காட்டை அண்டிய ஒற்றை வீடு. வயல் செய்யும் வயதான கமக்காரர். மனைவியும் அவரும் மட்டும். நாங்கள் போனது பன்னிரண்டு மணிக்கு. நெருப்பு வெயில், முற்றத்து மண் காய்ந்து பொருக்கு வெடித்துக் கிடந்தது. காலையில் அளந்து வெறுமையாக்கிய மானியில் ஒரு சொட்டும் இருக்க வழியில்லை. அக்கா புனலைத் தூக்கினார். உள்ளே தண்ணீர் தளும்பியது.

நான் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஊற்றி அளந்தேன். என் கணிதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் மறுபடியும் அளந்தேன். தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்.

“அக்கா, காஞ்ச நிலத்தில தொண்ணூற்றாறு எப்பிடி?”

அக்கா விரலை நனைத்து நாக்கில் வைத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “கிணறு. உப்புக் கரிக்குது. வானம் உப்புப் போடுறேல்லை.”

முருகேசு ஐயா பூரிப்போடு பக்கத்தில் வந்தார். “என்ன மிஸ், இந்தமுறை பரவாயில்லைத்தானே? வழக்கத்திலும் கூட.”

“நல்ல மழை ஐயா,” என்றார் அக்கா.

“இண்டைக்கு ரெண்டு பேர் வந்திருக்கிறியளெல்லே,” என்றார் அவர்.

அவர் தேநீர் கொண்டுவரப் போனதும் அக்கா தன் கொப்பியை எனக்குக் காட்டினார். அலுவலகக் கொப்பிகளில் ‘மழை’ என்று ஒரு நிரல்தான் இருக்கும். அக்காவின் கொப்பியில் இரண்டு இருந்தன. ஒன்றில் ‘வான மழை’. மற்றதில் ‘விருந்து மழை’.

“அவ்வளவு தூரத்திலயிருந்து ஒருத்தர் மழை பாக்க வருகினம். வெறும் பாத்திரத்தைக் காட்டி அனுப்புறதோ எண்டு மனுசனுக்கு மனம் கேக்கிறேல்லை. நாங்கள் வாற நாளில மட்டும் ஒரு குடம். மற்ற நாளில ஒரு துளி கூட்டமாட்டார், அவ்வளவு நேர்மை.”

“நீங்கள் சொல்லேல்லையே அக்கா, ஊத்த வேண்டாமெண்டு?”

“எப்பிடிச் சொல்லுறது? ‘நீங்கள் தந்த விருந்தை நான் சாப்பிடேல்லை’ எண்டே?”

அந்த விருந்துக்கு ஒரு விலை இருந்தது. முன்பு ஒருமுறை அக்கா காய்ச்சலில் கிடக்க, வேறொருவர் வந்து, கடும் வறட்சியில் இந்த மானியில் தண்ணீரைக் கண்டு, அலுவலகத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து முருகேசு ஐயாவின் அட்டையில் பெரிய மழை எதுவும் இருந்தால் அதை அக்கா கண்ணால் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் செல்லும். இல்லாவிட்டால் சிவப்புக் கோடு. ஐயாவுக்கு இது தெரியாது. அவருக்குத் தெரியவரக்கூடாது என்பதற்காகத்தான் அக்கா அந்த மானிக்கு வேறு யாரையும் விடுவதில்லை.

நான் தேநீரைக் குடித்து முடிக்கவில்லை. வெளிச்சம் யாரோ சுவிட்சை அமத்தியதுபோலப் போனது. காட்டின் மேலாக ஒரு சத்தம், லொறி வருவதுபோல. அக்கா தேநீர்ப் பேணியைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையிலிருந்து பாய்ந்தார்.

“தங்கச்சி! மானிக்குள்ள கிணத்துத் தண்ணி கிடக்கு! ஊத்தும்! கெதியா!”

நான் ஓடினேன். அளந்த தண்ணீரை மரியாதைக்காக மறுபடி மானிக்குள்ளேயே ஊற்றி வைத்திருந்தேன். வீட்டில் எதையும் வீணாக்காத பழக்கம். அதைக் கவிழ்த்துவிட்டுப் புனலை வைக்கவும் முதல் துளி அதில் விழவும் சரியாக இருந்தது. அது துளி இல்லை, ஒரு கரண்டி. அடுத்த கணம் வீடு தெரியவில்லை, கிணறு தெரியவில்லை, என் கை தெரியவில்லை.

அப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. அக்காவும் கண்டதில்லை. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாங்கள் இருவரும் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி, மானியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தோம்.

“இருவத்தெட்டு!”

“ஐம்பத்தொன்பது!”

“எண்பத்தாறு, அக்கா! எண்பத்தாறு!”

நான் கத்தினேன். கிரிக்கெட் பார்க்கிறவர்கள்கூட அப்படிக் கத்தமாட்டார்கள். ஐயாவும் மனைவியும் விறாந்தையில் நின்று கை தட்டினார்கள். “பாத்தியளே மிஸ், எங்கட மழையை!” என்று ஐயா குதித்தார். தான் குடத்தால் கொடுத்துவந்ததை வானம் இப்போது தானாகவே கொடுப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அக்காவின் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல இருந்தது. “இது நிக்காது,” என்றார். “விடிய விடியப் பெய்யும். நான் இஞ்ச நிண்டு ஒவ்வொரு தரமும் அளந்து கையெழுத்துப் போட்டா, இந்த மாவட்டத்தில ஒருத்தரும் இதைப்பற்றிக் கதைக்க ஏலாது. ஐயாவின்ர மானியில சிவப்புக் கோடும் இல்லாமப் போகும்.”

இரண்டரை மணி. நூற்றுப்பதினெட்டு. அக்கா கையொப்பமிட்டார். நாலு சாய்ந்த கோடுகள்.

வீடு வந்து சேர மூன்று மணித்தியாலம் வேண்டும். போனில் சிக்னல் இல்லை. போகவேண்டும் என்று கேட்டால், இருபது வருடமாக இந்த ஒரு மழைக்காகக் காத்திருந்தவரை இழுத்துக்கொண்டு போனதாக ஆகும். கேட்காவிட்டால், ஆறு மணிக்கு என் கணவர் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளை காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. கடமை எந்தப் பக்கம் என்று தெரியாமல் உள்ளே போய் ஐயாவின் மனைவி தந்த காய்ந்த சட்டையை மாற்றிக்கொண்டு கதிரையில் வந்து இருந்தேன். நெஞ்சு கல்லாகக் கனத்தது. கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்ப்பதுபோல இருந்தேன்.

அக்கா கொப்பியிலிருந்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில், மாற்றிய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடங்களில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

அவர் கொப்பியை மூடினார்.

“எழும்பும். போவம்.”

“அக்கா, மழை...”

“ஐயா அளப்பார். ஐயா, அளந்து எழுதுவியள்தானே?”

“விடிய விடிய அளப்பன் மிஸ்!”

ஐந்தாவது மானி இன்னும் வடக்கே இருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைக்கோட்டை எடுத்து எனக்குப் போட்டுவிட்டார். “இப்ப போட்டா நிக்காதோ அக்கா?” என்று கேட்டேன். “நிண்டா நிக்கட்டும்,” என்றார்.

திரும்பி வந்த பயணத்தைப் பற்றி நான் வீட்டில் சொன்னது பாதி. மீதியை என் கணவர் இந்தப் பத்திரிகையில்தான் வாசிக்கப்போகிறார். செம்மண் பாதை ஆறாகியிருந்தது. வழுக்கி இரண்டு தரம் விழுந்தோம். மெதுவாக, சோபாவில் சாய்வதுபோல. அக்கா ஒவ்வொரு தரமும் எழும்பி முதலில் குழாய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூன்றாவது தரம் விழுந்தபோது முதலில் என்னைப் பார்த்தார்.

தாழ்ந்த பாலம் ஒன்றின் மேலாக இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போக ஒரு ட்ரக்டர் நின்றது. பெட்டியில் நெல் மூட்டைகள், இரண்டு ஆடு. ஓட்டுநர் மோட்டார் சைக்கிளையும் ஏற்றினார். பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்த மோட்டார் சைக்கிளில் அக்கா ஏறி இருந்துகொண்டார், விழாமல் பிடிப்பதற்காம். நானும் பின்னால் ஏறினேன். ட்ரக்டர் தண்ணீருக்குள் இறங்க, அக்கா இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து முன்னே குனிந்து, வளைவில் திருப்பி, பள்ளத்தில் பிரேக் பிடித்தார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“மிஸ், நான்தானே ஓடுறன்?”

“நீர் உம்மட பாட்டில ஓடும் தம்பி. ரெண்டு பேர் ஓடினா கெதியாப் போகலாம்.”

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஆடுகள் என்னைப் பார்த்தன. மழை வாய்க்குள் போனது. அந்த நேரத்தில் பயம் என்னிடம் இருக்கவில்லை. வழியில் எங்கேயோ விழுந்திருக்கவேண்டும்.

குச்சவெளிக்கு வந்தால் வெயில். வீதியில் புழுதி. ஒரு சொட்டு மழை இல்லை. தலை முதல் கால் வரை சேறும் தண்ணீருமாக நின்ற எங்களைப் பார்த்து, பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு பெண் கேட்டாள்: “அக்கா, கடலுக்க விழுந்திட்டியளோ?”

“மழை!” என்றார் அக்கா.

அவள் வானத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளிடம் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க எங்கள் கேற்றடியில் அக்கா நிறுத்தினார். நான் இறங்கி உள்ளே ஓடினேன். வேலைக்குப் போக உடுத்துக்கொண்டு நின்ற என் கணவரின் இடுப்பில் மகிழ். அவள் கையில் ஒரு சில்வர் பேணி. வாயைச் சுற்றிப் பால் மீசை. என்னைக் கண்டு பேணியை எறிந்துவிட்டுக் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள்.

“மூண்டு மணியிலயிருந்து பேணியில குடிக்கிறாள்,” என்றார் என் கணவர். “போத்தல்தான் சரிவரேல்லை. மூண்டு பேணி குடிச்சிட்டாள். உனக்குச் சொல்லுவமெண்டா லைன் கிடைக்கேல்லை. ஐயோ, இது என்ன கோலம்?”

மூன்று மணிக்கு நாங்கள் காட்டில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தோம். பிள்ளை பேணியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு துவாயை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். அக்கா உள்ளே வரமாட்டேன் என்றார், சேறாம்.

“பிள்ளை எப்பிடி?” என்று கேட்டார்.

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஒரு கணம் யோசித்தேன். “பாவம் அக்கா. நாள் முழுக்க அழுதுகொண்டிருந்தாளாம். நல்லவேளை வந்தம்,” என்றேன்.

“அதுதானே,” என்றார் அக்கா. துவாயால் முகத்தைத் துடைத்தார். மோட்டார் சைக்கிளை உதைத்துப் போய்விட்டார்.

அந்த மழை அக்கா சொன்னபடியே விடிய விடியப் பெய்தது. முருகேசு ஐயா சொன்னபடியே விடிய விடிய அளந்தார். அட்டை வந்தபோது மொத்தம் இருநூற்று எண்பத்தேழு. மேலதிகாரி சிரித்தார்.

“அண்டைக்கு ரவுணில ஒரு துளி இல்லை. குச்சவெளியில இல்லை. இவர் கிணத்தை இறைச்சு முடிச்சிட்டார் போல.”

“நான் பாத்தனான் சேர்,” என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மேலதிகாரியிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வசனம் அது.

“நீர் இன்னும் நிரந்தரமாகேல்லைப் பிள்ளை. அதோட நீங்கள் ரெண்டரைக்கு வெளிக்கிட்டிட்டியள்.”

அக்கா கையொப்பமிட்ட நூற்றுப்பதினெட்டு மட்டும் நின்றது. மீதிக்குச் சிவப்புக் கோடு. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் அவர் தானாகக் கேட்டு முல்லைத்தீவுப் பக்கம் மாற்றலாகிப் போனார். மானிகள் இன்னும் தள்ளித் தள்ளி இருக்கும் இடம் என்று மிகுந்த மகிழ்ச்சி அவருக்கு. பிரியாவிடை அன்று எல்லோரும் உரையாற்றி முடிந்து, ரோல்ஸும் கேக்கும் முடிந்து, மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் நான் போனேன். ஒரு வருடமாக நித்திரையைக் கெடுத்த விசயத்தைச் சொன்னேன். அன்றைக்குப் பிள்ளை அழவில்லை, பேணியில் குடித்தாள், சிரித்துக்கொண்டிருந்தாள், நான் சொன்னது பொய்.

அக்கா கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“தெரியும். கேற்றடியில நிக்கேக்க அவள் சிரிச்சது எனக்கு வடிவாக் கேட்டது.”

“அப்ப ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? தாயைக் கண்ட சந்தோசத்தில சிரிக்கிறாள் எண்டு நினைச்சன். அதைக் கேக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தனாங்கள்.”

போய்விட்டார். இப்போது எனக்கு நிரந்தர வேலை, மகிழுக்கு நாலு வயது, வீட்டைப் பூட்டினால் இரண்டு தரம்தான் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். ஆனால் வடக்குப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால், கொடியில் கிடக்கும் உடுப்பை எடுக்க முதல் போனை எடுத்து, “எங்க நிக்கிறீங்கள் அக்கா, சாப்பிட்டீங்களோ?” என்று கேட்டுவிடுகிறேன்.